எருமைக்குப் போன மாதுளம்பழங்கள்

எனக்கு நுரையீரலில் கட்டி என்று சொன்ன அன்றைக்கு அழுதது என் மருமகள்தான். நான் டாக்டரம்மாவின் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பிலும் நீலத்திலும் குழாய்கள். பெருங்குழாய் ஒன்று, அதிலிருந்து நடுத்தரம், அதிலிருந்து நூல் நூலாகச் சின்னக் குழாய்கள். ஒரு மூலை விடாமல் போய்ச் சேர்ந்திருந்தன. படைத்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய் விஷயத்தில் நான் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. அன்னூருக்கு வடக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் வாழைத் தோட்டம். அதற்குச் சொட்டுநீர் போட வந்த கம்பெனி ஆட்கள் காகிதத்தில் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததுமே, நிலத்தின் வாட்டம் எதிர்ப்பக்கம் இருக்கிறது, இப்படிப் போட்டால் கடைசி வரிசைக்குத் தண்ணீர் எட்டாது என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. தண்ணீரும் எட்டவில்லை. திரும்ப வந்து எல்லாவற்றையும் பிடுங்கி, நான் கை காட்டிய மாதிரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இருபது வருசமாக எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் வால்வில் கை வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், டாக்டரம்மா என் வியாதியை விளக்கியபோது அந்த அறையில் அதை உடனே புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறவர். என் மகளைவிட வயது குறைவு, பொறுமை அதிகம். ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டார்.

"இதுதான் கட்டிங்க அம்மா. இது வளரணும்னா இதுக்கு ரத்தம் வேணும். அதனால பக்கத்துல போற ரத்தக் குழாயில இருந்து தனக்குன்னு புதுசா குழாய் இழுத்துக்குது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பங்காளி வேலைங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. அதனால் கதையைச் சொன்னேன். ஊரில் இந்தக் கதையை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஒரு கோடையில் எங்கள் பங்காளி ஒருவரின் கிணறு வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அவருடைய கத்தரிச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. என் வாழையில் கடைசி இரண்டு வரிசை வாடிக்கொண்டிருந்தது. பெரிய குழாய் போகிற வழியெல்லாம் மண்ணைக் கிளறிப் பார்த்ததில், வேலியோரத்தில் ஒரு துளை. அதில் செருகிய விரல் தண்டிக் கறுப்புக் குழாய், வேலிக்கடியில் நுழைந்து நேராக அவர் கத்தரிக்குப் போயிருந்தது. பிடுங்கி எறிந்து துளையை அடைத்தாயிற்று. பத்தே நாளில் கத்தரி சுருண்டது. "அவ்வளவுதானுங்க" என்று முடித்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தான் சொல்ல வந்ததே அதைத்தான் என்றார். ஒரு மருந்து கட்டியைக் கொல்லுமாம். அதோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஏற்றுவார்களாம். அந்த இன்னொன்று கட்டி இழுத்துக்கொண்ட குழாய்களை அடைத்து, புதிதாக இழுக்கவும் விடாதாம். கட்டி பட்டினி கிடக்குமாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து படுத்தால் போதும், என் மாதிரிக் கட்டிக்கு இது பொருந்தும் என்றார். மருந்தின் பெயரை இரண்டு தடவை சொன்னார், என் வாய்க்குள் நுழையவில்லை. நான் அதற்கு வால்வு மருந்து என்று பெயர் வைத்தேன். கட்டிக்குப் பங்காளி என்று வைத்தேன். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவே, "பங்காளி எப்படி இருக்கார்னு போகப்போகப் படம் எடுத்துப் பார்க்கலாம்" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற இடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் தலைமேல் ஒரு பாட்டில், பாட்டிலிலிருந்து குழாய், குழாயில் சொட்டு. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாச் சொட்டையும் ஒரு பார்வை பார்த்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொட்டு நின்றிருந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "ஏனுங் சிஸ்டர், இந்த வரிசைக்குத் தண்ணி போகலீங்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, குழாய் மடங்கியிருந்ததை நீவிவிட்டார். அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் இப்படி இரண்டு பேருடையதைக் கண்டுபிடித்தேன். சிஸ்டர் சந்தோசப்பட்டாரா என்று தெரியவில்லை.

மருந்து ஏற்றும் முன் பிரசர் பார்ப்பார்கள். முதல் தடவை ஒழுங்காக இருந்தது. இரண்டாம் தடவை எகிறியிருந்தது. பிரசர் பார்த்த சிஸ்டர் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டதால் வந்த கோபம் என்று மருமகள் சொன்னாள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் டாக்டரம்மா, இந்த மருந்துக்கே அந்தக் குணம் உண்டு, மூக்கில் லேசாக ரத்தம் வந்தாலும் பயப்பட வேண்டாம், பல்லைக் கில்லைப் பிடுங்கப் போனால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், புண் சீக்கிரம் ஆறாது என்றார்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. "பின்ன ஏறாமங்களா? ஒரு லைன் வால்வ மூடிப்போட்டீங்க. மோட்டார் அதே வேகத்துல ஓடுது. அந்தத் தண்ணி எங்கங்க போகும்? மத்த லைனுக்குத்தான் பிரசர் ஏறும். எங்கியாச்சும் ஒரு முட்டி கழண்டு பீச்சும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஏறக்குறைய அப்படித்தாங்க அம்மா" என்று சொல்லி ஒரு பிரசர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த 'ஏறக்குறைய'வை நான் காதில் வாங்கவில்லை. மற்றதை மட்டும் வாங்கிக்கொண்டேன். வந்த வினையெல்லாம் அதில்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் யோசித்தேன். வால்வை மூடினால் மோட்டாரை நிறுத்த வேண்டும். தோட்டத்தில் நான் அப்படித்தான் செய்வேன். உடம்புக்கு மோட்டார் என்ன? ரத்தம். புது ரத்தம் ஊறாமல் பார்த்துக்கொண்டால் பிரசரும் ஏறாது, பங்காளிக்கும் கிடைக்காது. டாக்டரம்மா ஒரு பக்கம் மூடட்டும், நான் ஒரு பக்கம் நிறுத்துகிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனை ஒரே மாதத்தில் காயப்போட்டுவிடலாம்.

இப்படி நான் முடிவு செய்து வீட்டுக்கு வந்தால், ஆசாரம் என்கிற முன்கூடத்தில் ஒறம்பரை உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கம் சொந்தபந்தத்தை ஒறம்பரை என்போம். நோயாளியைப் பார்க்க யாரும் கையை வீசிக்கொண்டு வரமாட்டார்கள். முன்பெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில் வரும், இப்போது மாதுளம்பழம். "ரத்தம் ஊறுமுங்க" என்று சொல்லிக்கொண்டே பையை வைப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான். மாதுளையோடு பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. மேட்டுப்பாளையத்துச் சம்பந்தி வீட்டார் ஒரு சிப்பம் பீட்ரூட்டையே இறக்கிவிட்டுப் போனார்கள். கொழுந்தன் மகன் வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் வாங்கி வந்தான்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் நெஞ்சுக்குள் ரத்தத்துக்கு வாயைத் திறந்துகொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். முன்வாசலில் டாக்டரம்மா அவனுக்கு வால்வை மூடுகிறார். பின்வாசல் வழியாக ஊரே வந்து பீட்ரூட் ஊட்டிவிடுகிறது.

மருமகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போடுவாள். இந்த வீட்டில் வால்வு சம்பந்தமாக நான் இதுவரைக்கும் யாரையும் கேட்டுச் செய்ததில்லை. அதுவும் அவள் கோயமுத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வந்த புதிதில் வாழைக்கட்டையைத் தலைகீழாக நட்டுவிட்டு, ஏன் முளைக்கவில்லை என்று என்னிடம் கேட்டவள். அவளிடம் போய் நான் யோசனை கேட்பதாவது.

அதனால் சத்தமில்லாமல் ஒரு ஏற்பாடு செய்தேன். வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது, இருமல் வருகிறது, நான் கட்டுத்தரையில் காற்றாட உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றேன். கட்டுத்தரை என்பது மாடு கட்டுகிற இடம். எங்களிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு எருமை. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, குணமும் கொஞ்சம் என் மாதிரி. பிடிக்காததைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மாதுளையை அது முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டாம் நாள் ஒன்றைக் கடித்தது. மூன்றாம் நாளிலிருந்து தோலோடு நறுக்கென்று கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. தேங்காய் துருவிப் போட்ட பீட்ரூட் பொரியலை நாக்கால் வழித்துத் தின்றது. பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். சாறு என்று வந்தால் தண்ணித்தொட்டியில் ஊற்றிவிடுவேன், தொட்டி ரோஜாப்பூ நிறத்துக்கு மாறும். ஈரல் மட்டும் நாய்க்கு. எருமை சைவம்.

நான் ரசத்தில் நாலு வாய் சோறும் மோரும் சாப்பிட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

நாளாக நாளாக, சாயங்காலம் நாலு மணி ஆனால் எருமை குரல் கொடுக்கும். மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு வருகிற நேரம் அது. "பாருங்கத்தை, நீங்க சாப்புடற நேரம் எருமைக்குக்கூடத் தெரியுது" என்று அவள் கண் கலங்குவாள்.  ஆனாலும் தட்டை வாங்கிக்கொள்வேன். எருமையின் தோல் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. பால் ஊற்றுகிற இடத்தில், என்ன தீவனம் மாற்றினீர்கள் என்று கேட்டார்களாம். என் நகம் வெளுத்தது. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. மோட்டார் மெதுவாகிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். மூன்றாம் தடவை மருந்துக்குப் போனபோது பிரசரும் இறங்கியிருந்தது. அது மாத்திரையின் வேலை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது அத்தாட்சி.

ரத்தம் கொஞ்சம் குறைகிறது, இந்த மருந்துகளுக்குக் குறையத்தான் செய்யும், நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்று டாக்டரம்மா அன்றைக்கே மருமகளிடம் சொன்னார். மருமகள் கேட்டுக்கொண்டாள். எருமைக்கு இரண்டு மாதுளை கூடியது.

நாலாம் தடவை போனோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஹீமோகுளோபின் ஏழரைக்கு வந்துடுச்சு" என்றார்.

அந்த எண்ணைக் கேட்டதும் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கம் ஏழரை என்று சொன்னாலே சனி வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. 

இன்றைக்கு மருந்து கிடையாது என்றார். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றி அனுப்புகிறேன், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "இடைவெளி விழுந்தா கட்டி மறுபடியும் குழாய் இழுக்க ஆரம்பிச்சுடுங்க அம்மா. அடுத்த தடவையும் ரத்தம் இல்லைன்னா இந்த வைத்தியத்தையே நிறுத்திட்டு வேற யோசிக்கணும். எனக்கு அதுல இஷ்டமே இல்லை."

வேறு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் குரலிலேயே இருந்தது.

அப்புறம் மருமகளிடம், என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பாவம், காலையிலிருந்து வரிசையாகச் சொன்னாள். மாதுளைச் சாறு, முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம், வாரத்தில் இரண்டு நாள் ஈரல். டாக்டரம்மா தாளையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இவ்வளவு சாப்பிட்டால் இப்படியா இருக்கும் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மருமகளுக்கு அது கேட்டுவிட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். நான் அந்தப் பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயசு வரைக்கும் செய்தது தப்பு என்று சொல்லிப் பழகாத வாய், அன்றைக்கு எங்கே திறக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து என் மகள் வந்தாள். என்னைப் பார்த்தாள், நேராகக் கட்டுத்தரைக்குப் போய் எருமையைப் பார்த்தாள், திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"எங்கம்மா இத்துப்போய்க் கெடக்கறாங்க. எருமையப் பாரு, எப்புடி மினுக்குதுன்னு. எருமை மேல இருக்கற அக்கறைல பாதி எங்கம்மா மேல இருந்தாத் தேவலையே."

 மருமகள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பீட்ரூட் சீவினாள். மகள் சாயங்காலம் பஸ் ஏறும்வரைக்கும் சீவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சட்டி நிறையப் பீட்ரூட்.

அவ்வளவையும் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எருமைக்குத்தான் போட்டேன். எனக்கு என் கணக்கு இருந்தது. இப்போது மருந்து நின்று வால்வு வேறு திறந்துவிட்டது, டாக்டரம்மா ஏற்றிய ஒரு பாட்டிலையும் பங்காளி குடித்துக்கொண்டிருப்பான், இந்த நேரத்தில் மோட்டாரை ஓட்டினால் அவனுக்குக் கொண்டாட்டம் என்பது என் எண்ணம். ஆனால் முந்தி மாதிரி சந்தோசமாகப் போடவில்லை. எருமையின் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கட்டுத்தரையிலிருந்து மருமகள் கூப்பாடு போட்டாள். போய்ப் பார்த்தால், எருமையின் மூத்திரம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சாணியும் செங்கல் நிறம். எருமைக்கு ரத்தப்போக்கு என்று அவள் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். தானாகச் சரியாய்ப் போகும், அவரை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று நான் இரண்டு மூன்று தடவை சொன்னேன். "இருக்கற எருமையும் போச்சுன்னா உங்க மக என்னை உசுரோட உடமாட்டாங்கத்தை" என்றாள்.

மாட்டு டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். எருமையின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். வாயைப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டு சாணியை ஒரு குச்சியால் கிளறினார். குனிந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மாதுளங்கொட்டை. இன்னொன்று. இன்னும் நாலு.

"ஏனுங் அம்மணி, எருமைக்கு மாதுளம்பழம் போடறீங்ளா?"

மருமகள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பீட்ரூட்டும் போடறீங்ளா?"

அதற்கும் இல்லை என்று ஆட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். மாட்டு டாக்டரும் திரும்பினார். எருமையும் திரும்பியது, அதற்கு நாலு மணி ஆகிவிட்டது என்று நினைப்பு. நான் தென்னை மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாட்டு டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பயப்படாதீங்க, இது பீட்ரூட் சாயம், ரெண்டு நாள்ல வெளுத்துப்போயிரும். இந்த ஊருக்குள்ள இத்தனை நல்ல ரத்தம் இருக்கற உசுரு இது ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

 அவர் போனபிறகு மருமகள் கட்டுத்தரைக் கல்லில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எதற்கு அப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வால்வு, மோட்டார், பிரசர், பங்காளி எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். விளக்கும்போது எனக்கே அது பழுதில்லாமல்தான் இருந்தது. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அத்தை, அந்தக் கத்தரிக் கதைய மாமா எனக்கு வேற மாதிரி சொல்லியிருக்காருங்க."

 செத்துப்போன மனுசன் இதைப் போய் இவளிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"தண்ணி திருடு போகுதுன்னு தெரிஞ்சதும் நீங்க கோவத்துல மோட்டார நிறுத்திப்போட்டீங்களாமா. பத்து நாளு. பங்காளி ஊட்டுக்காரரு எங்கிருந்தோ கொடத்துல மொண்டாந்து ஊத்திக் கத்தரியக் காப்பாத்திக்கிட்டாராமா. நம்ம வாழதான் கொலை ஈன்ற மரம் பூராத்தும் இடுப்பொடிஞ்சு உழுந்துதாமா. அப்பறம் மாமாதான் தேடி அந்த ஓட்டையக் கண்டுபுடிச்சு அடச்சு, மோட்டார மறுக்காப் போட்டாராமா. அதுக்கப்பறந்தான் கத்தரி செத்துதுன்னு சொன்னாரு."

நான் முன்னால் சொன்ன கதையில் ஒரு பாதியை விழுங்கிவிட்டேன் என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. துளையை யார் கண்டுபிடித்தது என்று அப்போது சொன்னேனா, நினைத்துப் பாருங்கள். நான் கண்டுபிடித்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அப்படி நினைக்கட்டும் என்றுதான் சொன்னேன். இருபது வருசமாக ஊருக்கும் அப்படித்தான் சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். வாழை விழுந்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

"மோட்டாரு ஓடோணுமுங்கத்தை" என்றாள் அவள். "ஓட்டைய மட்டுந்தான் அடைக்கோணும்."

வாழைக்கட்டையைத் தலைகீழாக நட்டவள் இதைச் சொல்கிறாள்.  எருமை தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

பிறகு போனைக் கொடு என்றேன். திருப்பூருக்குப் போட்டுக் கொடுத்தாள். மகள் எடுத்ததும், என்னங்மா உடம்புக்கு என்று பதறினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. உன்ற அண்ணன் பொண்டாட்டி ஆக்கிப் போட்டதெல்லாம் எருமை தின்னுபோட்டுது. நான்தான் எடுத்துப் போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு மகள் கேட்டாள்.

"ஏனுங்மா, இப்பப் பேசறது எங்கம்மாதானுங்களா?"

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. திரும்பி வரும்போது கையில் தட்டு இருந்தது, பீட்ரூட் இருந்தது. என்முன்னால் நின்றாள். ஆசாரத்துக்குப் போய் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். இருபது வருசமாக நான் வால்வைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அதே பார்வை.

அந்த இரண்டு வாரத்தின் மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். காலையில் சாறு, பதினோரு மணிக்குப் பேரீச்சம்பழம், மத்தியானம் கீரை, ஈரல், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரை. நாலு மணிக்கு எருமை கத்தும். அதற்குத் தீவனமாகச் சோளத்தட்டு போட்டால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாலும் குறைந்தது. நாய் மட்டும் பெருந்தன்மையாகப் பழைய சோற்றுக்குத் திரும்பிவிட்டது.

குறித்த நாளில் கோயமுத்தூருக்குப் போனோம்.  வழியில் கணேசபுரம் தாண்டும்போது மருமகள் என் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சிவந்திருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ரத்தம் எடுத்துவிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம். பிரசர் பார்த்த சிஸ்டர் பாட்டி என்றார்.  பிரசர் ஏறினால் மருந்து கிடைக்காமல் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா தாளோடு வந்தார். பத்தேகால் என்றார். போடலாம் என்றார்.

மருமகள் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு மருதமலை இருக்கிற திசையில் கும்பிட்டாள். டாக்டரம்மா, இரண்டே வாரத்தில் என்ன மந்திரம் செய்தீர்கள் என்று அவளைக் கேட்டார்.  அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நான் என்று விட்டுவிட்டாள். ஆகவே எருமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். மாதுளங்கொட்டை வரும் இடத்தில் டாக்டரம்மா தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். கத்தரிக் கதையின் மறுபாதியையும் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏறக்குறைய என்று தான் சொன்னதுதான் தப்பு, இன்னும் விளக்கியிருக்க வேண்டும் என்றார். பங்காளி அவசரத்தில் இழுத்த திருட்டுக் குழாயைத்தான் இந்த மருந்து முக்கியமாகக் குறிவைக்கிறது, உங்கள் உடம்பு மருந்தைத் தாங்க வேண்டுமானால் உங்கள் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மருமகள் சொன்ன அதே விஷயம். டாக்டருக்குப் படிக்காமலே இவள் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். முதல் சொட்டு விழுந்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. பங்காளியின் வால்வு மூடியாயிற்று. பக்கத்து நாற்காலியில் ஒருத்தருக்குச் சொட்டு நின்றிருந்தது, சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

போன மாதம் படம் எடுத்தார்கள். பங்காளி வளரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறான். முழுசாகப் போய்விடுவான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்காளி என்று ஒருத்தன் இருந்தால் அவனை வைத்துக்கொண்டுதான் விவசாயம் பார்க்க வேண்டும். வேலியோரத்தில் கண் இருந்தால் சரி.

இப்போதெல்லாம் மாதுளம்பழத்தை நான் கட்டுத்தரையில் உட்கார்ந்துதான் உரிக்கிறேன். மருமகள் ஆசாரத்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எருமை நாலு மணிக்குச் சரியாகத் தலையை நீட்டும். அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு முத்தாக எடுத்து என் வாயில் போட்டுக்கொள்கிறேன். அது பெருமூச்சு விடும். கடைசியில் தோலை மட்டும் அதற்குப் போடுவேன். அதற்கு மருமகளிடம் கேட்டு வாங்கிய அனுமதி இருக்கிறது.